எந்த அப்துல் காதர்?

ஏழாயிரம்பண்ணை பேருந்து நிறுத்தத்தில் காலையிலேயே வெயில் சுடுகிறது. பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு வேனுக்காக நிற்கிறார்கள். அவர்களில் ஒரு அம்மாவிடம் அப்துல் காதரின் வீட்டைக் கேட்கிறேன்.

“எந்தக் காதரக் கேக்கீக? கண் டாக்டரா, கபடியில கப்பு வாங்குனவரா, ஹெட்மாஸ்டரா? இந்தப் பக்கம் அந்தப் பேருல பெரிய ஆளுக நெறைய இருக்காக.”

எனக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். போன தீபாவளி சீசனில் இங்கே ஆலையில் நடந்த வெடி விபத்தில் தீக்காயத்தோடு கிடந்த என் தங்கையை ஒருவர் தன் வண்டியிலேயே மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்தப் பெயர் இருந்தது. நன்றி சொல்ல வந்திருப்பதாகச் சொல்கிறேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறார். “அது எங்க வேன் டிரைவரு. அவுகளுந்தான் பெரிய ஆளு. இந்தா, வந்துட்டாக.”

வேனிலிருந்து இறங்கும் நரைத்த தாடிக்காரரிடம் தங்கையின் பெயரைச் சொல்கிறேன்.

“புள்ள நடக்குதா?” என்கிறார்.

“நடக்குறா பாய். நேத்து தனியா பஸ் ஏறி வேலைக்குப் போயிட்டு வந்தா.”

அவர் வேன் கதவில் சாய்ந்துகொள்கிறார். “இம்புட்டு நாளா யாருகிட்டயும் கேக்கல தம்பி. கேக்கப் பயமா இருந்துச்சு.”

வேலைக்கு நேரமாகியும் அந்தப் பெண்கள் தூக்குவாளிகளைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள்.