வலது கைக்குக் கொடுத்த களிம்பு

என் கைகள் இரண்டும் புண்ணாகிக் கிடந்தபோது என் மகள் பாக்கியத்துக்கு இரண்டரை வயது. ஐந்து மாதம் அவளை நான் தொடவில்லை. என்னைத் தொட விடவில்லை என்பதுதான் சரி. முருகனை நம்பும் சகோதர சகோதரிகளே, அந்த ஐந்து மாதத்தில் அவன் எனக்குச் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான்.

மாசி மாதத்தில் அது தொடங்கியது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு நீர் கோத்து, உடைந்து, பொருக்குத் தட்டி, மடக்கினால் தோல் பிளந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன், வேப்பிலை போட்டேன். எரிச்சல்தான் கூடியது. என்னைப் பார்த்த ஊர், பார்த்த உடனே பெயர் வைத்துவிட்டது. குஷ்டம். அந்த நோய் வந்தவர்களைச் சர்க்கார் ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என் மாமனார் கெட்டவர் இல்லை. பயந்தவர். "சர்க்காருக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்க. கொல்லக் குடிசையில இருக்கட்டும்," என்றார். என் கணவர் வீராசாமி தலையைக் குனிந்துகொண்டு என் பாயைச் சுருட்டினார். இந்தத் தீவில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் சொந்தக் கரும்பு. அதன் நடுவே மண்வெட்டியும் எருச் சாக்கும் போட்டு வைக்கும் குடிசை ஒன்று உண்டு. அதில் என்னை வைத்தார்கள்.

நான் போனபோது கரும்பு என் இடுப்பளவு. வைகாசியில் என் தலைக்கு மேலே போய்விட்டது. வாசலில் நின்றால் நான்கு பக்கமும் பச்சைச் சுவர். காற்று இல்லை. வியர்வை புண்ணில் இறங்கும். வீராசாமி சோற்றுத் தட்டைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை நிற்பார். கரும்புக்கு அப்பால் பாக்கியத்தின் குரல் கேட்கும். அவள் இந்தப் பக்கம் ஓடி வந்தால் யாராவது தீவுப் பேச்சில் கத்துவார்கள்: "பா தூஷ்! தொடாதே!" பிறகு அழுகை கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது, கை அப்படி இருந்தது.

குடிசையில் முருகன் படம் ஒன்று வைத்திருந்தேன். தினமும் காலையில் வலது கையால் விளக்கேற்றி, "கையைக் கொடு, பிள்ளையைத் தூக்கக் கையைக் கொடு," என்று கேட்பேன். சில நாள் கேட்பேன், சில நாள் திட்டுவேன். அவன் பொறுத்துக்கொண்டான்.

வைகாசியில் வீராசாமி ஃப்ளாக் சந்தையிலிருந்து ஒரு சேதி கொண்டு வந்தார். பக்கத்து மருந்தகத்துக்கு வந்திருக்கும் வெள்ளைக்கார வைத்தியர், கைப்புண் உள்ளவர்களைத் தேடிச் சேர்க்கிறாராம். வீராசாமி எனக்கு முக்காடு போட்டு வண்டியில் கூட்டிப் போனார். வைத்தியர் என் விரலில் ஊசியால் குத்தினார். நான் போட்ட கூச்சலில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலி தெரிகிறது, ஆகவே குஷ்டம் இல்லை, இது எக்சிமா என்றார். பறந்துகொண்டே வீடு வந்தேன். மாமனார் கேட்டுவிட்டு, "தொக்தேர் வாயால சொன்னா போதுமா? கை காயட்டும், அப்புறம் உள்ள வா," என்றார். மறுபடியும் கரும்புக்குள் போனேன்.

அந்த வைத்தியர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். எட்டுப் பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஆளுக்கு இரண்டு டப்பா. உள்ளே இரண்டும் வெள்ளைக் களிம்பு, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூடியில் ஒரு கோடு இருந்தால் வலது கைக்கு, இரண்டு கோடு இருந்தால் இடது கைக்கு. ஒன்று பழைய மருந்து, ஒன்று அவர் புதிதாகச் சேர்த்தது. நாற்பது நாள் தடவ வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கையைக் கழுவிக்கொண்டு போனால், புண்ணின் அகலத்தை நூல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவார். மாற்றித் தடவினால் சோதனையே கெட்டுவிடும், அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

சொன்னதைத் தமிழில் எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் கம்பவுண்டர் பிரான்சுவா. மாதா கோவிலுக்குப் போகும் நம்மாள். என் வாய் சும்மா இருக்குமா? "தம்பி, இதுல என்ன கலந்திருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு கோடு போட்டதுதான் புதுசு, பன்னிக் கொழுப்புல பண்ணது, அக்கா. கிரேஸ் கோசோன்னு சொல்லுவாங்க. நல்லா ஊறும்," என்றார் அவர் வெகு சாதாரணமாக.

டப்பாவைக் கையிலிருந்து கீழே வைத்தேன். வலது கை சாப்பிடுகிற கை. விபூதி எடுக்கிற கை, விளக்கேற்றுகிற கை. அதிலா பன்றிக் கொழுப்பு? குடிசைக்கு வந்ததும் டப்பாக்களை மாற்றிக்கொண்டேன். வலது கைக்குக் கொடுத்ததை இடது கைக்குத் தடவினேன். இடது கைக்கு என்ன, அது எப்படியும் கழுவுகிற கைதானே என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் இருந்த செல்லம்மாவிடமும் இன்னும் மூன்று பெண்களிடமும் சொன்னேன். அவர்களும் மாற்றினார்கள். தர்மத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் வாரம் என் இடது கை காய ஆரம்பித்தது. ஐந்தாம் வாரம் புதுத் தோல் வந்துவிட்டது. வலது கையோ முன்னைவிட மோசம். படத்தின் முன் நின்று அழுதேன். "உனக்கு விளக்கேற்றுகிற கையைத்தான் அழுக விடுவாயா? பன்றிக் கொழுப்புத் தடவிய கைக்குத்தான் உன் அருளா?" என்று கேட்டேன். அன்று விளக்கேற்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வைத்தியர் எல்லோர் கையையும் அளந்தார். நோட்டைப் புரட்டினார். முகம் சோர்ந்துவிட்டது. பிரான்சுவா எங்களிடம் சொன்னார்: "புது மருந்து சரியில்லையாம். அத நிறுத்திடுறாராம். இனிமே எல்லாருக்கும் ரெண்டு கைக்கும் பழசுதான்."

மடியில் இருந்த இரண்டு டப்பாக்களையும் பார்த்தேன். ஆறவைத்தது எது, ஆறவைக்காதது எது என்று அந்த அறையில் எங்கள் ஐந்து பேருக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்தால் உதவாத மருந்துதான் இரண்டு கைக்கும் கிடைக்கும். சாகும்வரை எனக்குக் கரும்புக் குடிசைதான். பேசினால் துரத்துவார், அப்போதும் குடிசைதான். செல்லம்மா என் தொடையைக் கிள்ளினாள். "வாயத் தொறக்காதடி. எங்களயும் சேத்துத் தொரத்திடுவாங்க."

கண்ணை மூடினேன். நான்கு மாதமாகக் கையைக் கேட்டவள் அன்று முதல் முறையாக வேறொன்று கேட்டேன். "முருகா, கை போனால் போகட்டும். இப்போது எனக்கு வாயைக் கொடு."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இரண்டு டப்பாக்களையும் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நான் மாத்திட்டேன்னு சொல்லுங்க. இவங்க மாத்துனதும் நான் சொல்லித்தான். வைறதா இருந்தா என்னையே வையச் சொல்லுங்க."

வைத்தியர் பேனாவை எறிந்தார். எழுந்து வெளியே போய் நின்றார். செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், போகத்தானே வேண்டும் என்று.

அவர் திரும்பி வந்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "சாப்பிடுற கை, மிஸ்யே. சாமி கும்புடுற கை. அதுல பன்னி வேணாம்."

பிரான்சுவா தயங்கித் தயங்கிச் சொன்னார். வைத்தியர் வெகு நேரம் என் கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நோட்டில் எங்கள் ஐந்து பேர் பக்கங்களையும் அடித்துவிட்டு, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் எழுதினார். எழுத எழுத அவர் முகம் மாறியது. புது மருந்துதான் ஆறவைத்திருக்கிறது! முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டார். அதையே தேங்காயெண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலக்கும்படி பிரான்சுவாவிடம் சொன்னார். யாரையும் துரத்தவில்லை. செல்லம்மா போகும்போது என்னை இன்னொரு முறை கிள்ளினாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

ஆனி முடிவதற்குள் இரண்டு கையும் தெளிந்தன. வீட்டு வாசலில் போய் நின்று மாமனாரிடம் கையை விரித்துக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாம்மா," என்றார். பாக்கியம் கதவோரம் நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்படித்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். நான் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. "பா தூஷ்," என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உலை கொதித்து அடங்கும் நேரம் ஆகியிருக்கும். ஒரு விரல் வந்து என் உள்ளங்கையைத் தொட்டது.

இந்தத் தைப்பூசத்துக்கு நேர்ந்தபடி காவடி எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் அந்த மருந்தகத்துப் பெஞ்சுக்குப் போகிறேன், புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார. மருந்தில் உங்களுக்கு ஆகாதது எதுவும் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். முன்பு வெட்கப்பட்டு மறைத்தவள், இப்போது வாயை மூட மாட்டேன் என்கிறாள் என்று வீராசாமி கேலி செய்கிறார்.

உங்களில் யாராவது நான்கு பக்கமும் கரும்பாக நிற்கும் இடத்தில் இருக்கலாம். அவனிடம் கேளுங்கள். கேட்கும்போது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அவன் முதலில் வாயைத்தான் கொடுத்தான். கை அதற்குப் பிறகு வந்தது, பிள்ளை அதற்கும் பிறகு வந்தாள்.