ஜெயபாண்டி குடிக்காமல் இருந்த காலம்

செல்லத்தாய் கூட்டத்தில் பேசப் போகிறாள் என்று தெரிந்ததும் மகள் ரோகிணி பரவையிலிருந்து போன் போட்டாள்.

"செத்துப்போன அப்பாவ ஊர்ச்சபையில இழுக்கணுமாம்மா? என் மாமியா காதுல விழுந்தா என்ன நெனப்பாக?"

பேரையூர் ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கு வைத்தியம் வேண்டுமென்று நர்சு இசைவாணி பல தடவை மனு கொடுத்துப் பார்த்துவிட்டாள். "யக்கா, பேப்பர யாரும் படிக்க மாட்டேங்கிறாக. நீங்க வந்து வாயால சொல்லுங்க" என்று அவள் கேட்டபோது செல்லத்தாயால் மறுக்க முடியவில்லை.

கூட்டத்தில் முன்னால் பேசிய பெண்கள் அடிபட்டதைச் சொன்னார்கள், தாலியை அடகு வைத்ததைச் சொன்னார்கள். செல்லத்தாய் எழுந்து நின்றாள். எங்கே தொடங்குவதென்று யோசித்தாள்.

"ஒங்க வீட்டுக்காரர் எம்புட்டுக் குடிச்சாருன்னு சொல்லுங்கம்மா" என்று எடுத்துக் கொடுத்தார் கூட்டத்துக்கு வந்திருந்த சுகாதாரத்துறை அதிகாரி.

"அது ஊருக்கே தெரியும்யா. குடிக்காம எப்படி இருந்தாருன்னு எனக்கு மட்டுந்தானே தெரியும்?"

அப்புறம் பேச்சு தானாக வந்தது. மதுரையில் ஒரு மாதம் வைத்தியம் பார்த்துத் திரும்பிய ஜெயபாண்டி வேறு ஆளாக இருந்தான். விடியுமுன் அவளோடு சேர்ந்து மல்லிகை பறிப்பான். மாட்டுத்தாவணிச் சந்தையில் பூவைப் போட்டுவிட்டு, தூக்குவாளியில் பருத்திப்பால் வாங்கி வருவான். ஊர் வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும். சூடு பண்ணி இருவரும் குடிப்பார்கள். பேரன் காதுகுத்தில் மண்டப வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவனே சந்தனம் கொடுத்தான். அன்றைக்கு அவனை வேவு பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள் செல்லத்தாய்.

"மாசாமாசம் மாத்திரைக்கு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகணும்யா. சந்தைக்குப் போனாலும், பூ சீசன்ல அங்க நாள்பூரா வரிசையில நிக்க முடியாம ரெண்டு மாசம் விட்டுப்போச்சு. குடி மறுபடி பிடிச்சுக்கிருச்சு. அதுலயே போயிட்டாரு. பேரையூருலயே கெடச்சிருந்தா, பூப் பறிச்ச கையோட ஒரு எட்டு போயி வாங்கிட்டு வந்திருப்பாரு. இன்னும் கொஞ்ச வருசம் அந்த மனுசனோட இருந்திருப்பேன்."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறேழு மாதம் இழுத்தடித்துத்தான் பேரையூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் தொடங்க உத்தரவு வந்தது. புதன்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். உள்ளே வரக் கூசி வேப்பமரத்தடியில் நிற்கிற ஆட்களிடம் செல்லத்தாய் போய்ப் பேச்சுக் கொடுக்கிறாள். சிலர் வருகிறார்கள், சிலர் கேட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் உசிலம்பட்டியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதைக் கேள்விப்பட்டு ரோகிணி மறுபடி போன் போட்டாள். செல்லத்தாய் பயந்துகொண்டேதான் எடுத்தாள்.

"அம்மா, அப்பா குடிக்காம இருந்தப்ப ஒருநா என்னைய பஸ் ஏத்திவிட வந்தாருல்ல? பஸ்ஸு நகந்தப்புறமும் சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தாரும்மா. விட மனசே இல்ல அவருக்கு. உசிலம்பட்டியில அதையும் சொல்லும்மா."