இத்தாவில் கேட்ட ஆல்பம்

கட்டாரில் மௌத்தான என் மாப்பிள்ளையை அங்கேயே அடக்கிவிட்டார்கள். நான் இங்கே, புருசனை இழந்தவள் வீட்டோடு அடங்கியிருக்கும் நாலு மாதம் பத்து நாள், இத்தா இருந்தேன். நான் பைத்தியமாய் இருந்த கொரியப் பாட்டுக்காரப் பொடியன்மாரின் புது ஆல்பத்தைத் தங்கச்சி போனில் இறக்கித் தந்தாள். மௌத்து வீட்டில் பாட்டுக் கேட்டால் ஊர் கதைக்கும். முக்காட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டேன். பார்க்க வந்த மாமி, குர்ஆன் ஓதல் கேட்கிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவினார்.

ஒரு பாட்டும் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே துள்ளல். அவர்கள் நாட்டுச் சட்டப்படி துவக்குத் தூக்க ஆமிக்குப் போய் வந்தவன்கள் என்று சொல்ல, குரலில் ஒரு கீறலும் இல்லை. எரிச்சலாக வந்தது.

அவர்கள் ஆமிக்குப் போனபோது நான் அழுதேன். கட்டாருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்தார். "அவனுகளும் வருவானுகள், நானும் வருவன். பிறகென்ன?"

அவனுகள் எல்லாரும் வந்துவிட்டானுகள்.