கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு ஜோடி

'டக்'... கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டக்'. துடியலூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த மீன் தொட்டிக் கடையில் கேட்ட சத்தம் அது.

"அம்மணி, மோட்டார் பேரிங் போயிருச்சாட்ட இருக்குது" என்றார் முதலாளி சலீம் பாய். கோயமுத்தூர்க்காரர் காதில் எந்தச் சத்தம் விழுந்தாலும் அது மோட்டார்தான்! பிரித்தார், துடைத்தார், கடைசியில் புது மோட்டாரே மாட்டிவிட்டார்.

'டக்'.

கடையில் அதுதான் எங்கள் முதல் உப்புத் தண்ணீர்த் தொட்டி. என்னை நம்பித்தான் வைத்தார். ஒரே கவரில் கோபி என்றொரு மீனும் (நம்ம கோபிச்செட்டிபாளையம் இல்லைங்க), சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இறாலும் வந்திருந்தன. உற்றுப் பார்த்தால், அந்த இறால்தான் கொடுக்கைச் சொடுக்குகிறது!

விடுவேனா? பி.எஸ்சி. விலங்கியல் ஆயிற்றே.

"பாய், இது மீனைக் கொன்னுபோடுமுங்க" என்று இறாலைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தீனி போட்டால் மீன் வாயே திறக்கவில்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தது, நிறம் மங்கியது. மூன்றாம் நாள் காலை எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை நம்பி வந்த உயிர் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் இறாலோ, நீள மீசையால் எதையோ தேடித் தடவிக்கொண்டே இருந்தது. பொறி தட்டியது. கூட்டுயிர் வாழ்க்கை! இரண்டு மார்க் கேள்விக்காக நெட்டுரு போட்ட பாடம்.

"பாய், நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன்."

"அட, பேசிட்டு நிக்காம எடுத்து உடு கண்ணு!"

விட்டேன். இறால் மணலைத் தள்ளித் தள்ளி வளை தோண்ட ஆரம்பித்தது. மீன் மெல்ல வந்து வாசலில் காவல் நின்றது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் ஒரு மீசையை மீனின் மேல் வைத்தபடியே வேலை செய்தது. நான் கையை அசைத்தேன்... மீன் வாலை ஆட்டியது... சட்டென்று இரண்டும் உள்ளே!

பாய் டீ டம்ளரோடு குதித்தார். நானும் குதித்தேன். எதிர்க் கடைக்காரர்கள் ஓடி வந்து, "என்னுங்க ஆச்சு?" என்றார்கள். தீனியைப் போட்டதும் மீன் லபக்கென்று விழுங்கியதே... அடடா, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல!

இப்போது அவிநாசியில் பனியன் கம்பெனி வேலை. இதே மாதிரி கோபியும் இறாலும் சேர்ந்திருக்கும் வீடியோ தினம் ஒன்றாவது போனில் வந்துவிடுகிறது, எல்லா விளக்கமும் கூடவே. பார்த்துக் கத்தத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

போன வாரம் ஒன்றைப் பாய்க்கு அனுப்பினேன். எந்தக் கடலோ, யார் எடுத்ததோ. அடுத்த நிமிடமே அவர் குரல் வந்தது.

"அம்மணி, அந்த மீனு நல்லா சாப்புடுதா?"