பொழைக்க முடியுமா?

எட்டு வயதில் ஒரு வாரம் முழுக்க நான் சாகத் தயாராக இருந்தேன். அப்போது மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் குடியிருந்தோம். அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். அப்பாவின் தங்கையான அத்தை, பிளஸ் டூ முடித்துவிட்டு எங்களோடுதான் இருந்தாள். இருவருக்கும் நடுவில் பிறந்த சித்தப்பா எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. ஆனால் ஊருக்கே யோசனை சொல்வார்.

என் சாவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவானது. நான் சமையலறையில் இட்லிக்குச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பா பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டாயிரம் கேக்குறான். அம்புட்டையும் கொட்டுனாலும் பொழைக்க முடியுமான்னு தெரியலையே," என்றார்.

"ஒரு வருஷம்தானேண்ணே," என்றார் சித்தப்பா.

"ஒரு வருஷம் சரி. அதுக்கப்புறம்?"

பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "நேராப் போய்க் கேட்டா ஒருத்தனும் உண்மையச் சொல்ல மாட்டான். பாப்பாவ லேபுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். ரத்தம் எடுக்குற சாக்குல எல்லாம் தெரிஞ்சுடும்."

பாப்பா நான்தான்.

அவர்கள் பேசியது அத்தையின் படிப்பைப் பற்றி. ஒரு தனியார் நிலையத்தில் ஓராண்டு லேப் டெக்னீஷியன் சான்றிதழ். முடித்தவுடன் கைநிறையச் சம்பளம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கட்டணத்துக்கு வழி, அத்தைக்கென்று இருந்த ஒரே ஜோடி வளையலை விற்பதுதான். வளையல் போய், வேலையும் அமையாவிட்டால் அவளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. சம்பளம் உண்மையா என்று அந்த வேலையில் இருப்பவளிடமே கேட்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவளிடம் போய் சம்பளம் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? அதற்குத்தான் என் ரத்தம்.

இதெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மிகவும் பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல், சாகப்போகிறவளுக்கு எதற்கு என்று பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மட்டும் விட்டுவிட்டேன். அதற்காக வகுப்பில் அடி வாங்கியபோது டீச்சரை மனதார மன்னித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தை என்னை அடையாறுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனாள். மருந்துக்கடை மாடியில் ஒரு சின்ன லேப். வெள்ளைக் கோட்டு போட்ட அக்கா ஒருத்தி மட்டும் இருந்தாள், அத்தையைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருக்கலாம். "பாப்பா, அந்த மீன் தொட்டியப் பாரு," என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி போய் வந்துவிட்டது.

அத்தை மென்று விழுங்கி ஒருவழியாகக் கேட்டாள். நிலையத்தின் பெயரைச் சொன்னதும் அக்கா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைக் குறைத்தாள்.

"அங்க மட்டும் சேர்ந்துடாதம்மா. நானே அங்க படிச்சவதான். அந்த சர்டிபிகேட்ட எந்தப் பெரிய ஆஸ்பத்திரிலயும் ஒத்துக்க மாட்டாங்க. அம்மா தாலிக்கொடிய வித்து கட்டுனேன். இப்போ மாசம் அறுநூறு. ஊசியவிட தொடப்பம்தான் ஜாஸ்தி புடிக்கிறேன்."

"வேற எங்க படிக்கலாம்க்கா?"

"கவர்மெண்டு பெரியாஸ்பத்திரில ரெண்டு வருசம் டிப்ளமா கீது. மார்க் பாத்து எடுக்கறாங்க. பீஸும் கம்மி. நானும் ஃபாரம் வாங்கலாம்னு ரெண்டு வருசமா நெனச்சிக்கினு கீறேன். ஒரு நாள் லீவு கேட்டாலே இங்க வேலை போயிடும்."

எனக்கு இதில் ஒன்றுமே காதில் ஏறவில்லை. என் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் அக்கா ஒரு சீட்டை நீட்டி, "எல்லாம் நார்மல். கீரை மட்டும் சாப்புடு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அப்பாவைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னாள். அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நல்ல வேளை, பொழைச்சோம்!" என்று சத்தமாகவே சொன்னார். அம்மா கேசரி கிளறினாள். சித்தப்பா, தன் யோசனைதான் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் உயிர் மீண்டதற்கு வீடே கொண்டாடியதில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கேசரியின் ருசி இன்றும் நினைவிருக்கிறது. கீரையைக்கூட அன்று மறுக்காமல் தின்றேன்.

சில நாள் கழித்து அத்தை பெரியாஸ்பத்திரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தாள். இரண்டு வாங்கியிருந்தாள். எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டதற்கு, அடித்தல் திருத்தல் வந்தால் என்ன செய்வது என்றாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி அடையாறு போனாள். ஒரு விண்ணப்பத்தை அந்த அக்காவின் கையில் கொடுத்து, "நாளைக்குள்ள எழுதிக் குடுங்கக்கா. ரெண்டையும் நானே போய்க் குடுத்துடறேன், நீங்க லீவு போட வேணாம்," என்றாள்.

அக்கா காகிதத்தை வாங்கினாள். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அருகில் போய் அவள் விரலைப் பிடித்தேன்.

"அழாதீங்கக்கா. எனக்கு ஒண்ணுமில்ல, நார்மல்தான்," என்றேன்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.