மணலில் போட்ட பாத்திகள்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சிலிபினில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் லூமுட் பக்கம் மரப்பலகை ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். சீனப்பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் பலகைக்கட்டு சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு கால்களும் அசையவில்லை. நடப்பாரா என்று கேட்டேன். "பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

கட்டிலைப் பின்பக்கச் சன்னலோரம் போட்டேன். வெளியே தெரிந்தது ஒரு துண்டு வெற்று நிலம்தான். பல நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, அந்த எடத்துல காய்கறி போடலாம். வெயில் தணிஞ்சு சாயங்கால மழை ஆரம்பிச்சிரும். இப்ப போட்டாத்தான் சரியா இருக்கும்."

அது முன்பு ஈயம் தோண்டிய லம்பம், பழைய சுரங்க நிலம். மேலே கொஞ்சம் புல், கீழே வெறும் வெள்ளை மணல். நான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே குப்பையில் விழுந்த விதைகூட முளைக்கும். இங்கே ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனால் படுத்த பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் இது. எப்படி மாட்டேன் என்பது?

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். சன்னலுக்கு நேரே கத்தரி, அடுத்து வெண்டை, வேலியோரம் பயத்தங்காய்க்குக் கொம்புப் பந்தல். எல்லாம் தலையணையிலிருந்து தெரியவேண்டும். அடுத்த வீட்டு அக்கா மார்க்கெட்டிலிருந்து கோழி எரு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கடற்கரையில வெவசாயமா லா?" என்று சிரித்தார்.

நான் வெட்ட, அவர் உள்ளிருந்து கத்துவார்.

"ஆழமா வெட்டாத, மணல் வந்துரும்!"

"எங்க வெட்டினாலும் மணல்தாங்க இருக்கு."

"அப்ப எருவ இன்னும் போடு."

வெண்டைதான் முதலில் முளைத்தது. தலையைத் தூக்கிவிடச் சொல்லிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

பயத்தங்கொடி பந்தலைப் பிடித்த சமயம், ஒரு பிற்பகல் பெருமழை. மேட்டுச் சாலைத் தண்ணீர் சாக்கடையைத் தாண்டி எங்கள் பின்பக்கமாகப் பாய்ந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"வாய்க்கா வெட்டு! தண்ணிய அந்தப் பக்கம் திருப்பு!"

மண்வெட்டியோடு ஓடினேன். வெட்ட வெட்ட மணல் சரிந்து மூடியது. பாத்தி கரைந்து செடிகள் வேரோடு மிதந்து போயின. அப்போது உள்ளே தொம்மென்று ஒரு சத்தம்.

அவர் தரையில் கிடந்தார். எழுந்து வரப் பார்த்திருக்கிறார். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், அசைக்க முடியவில்லை. ஈரக் கை வழுக்கியது. அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன். தகரக் கூரையில் விழுந்த மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திறந்திருந்த கதவு வழியே பந்தல் சாய்வதை இரண்டு பேரும் பார்த்தோம்.

"போச்சு" என்றார்.

"போகட்டுங்க. மறுபடி போட்டுக்கலாம்."

"அதச் சொல்லல. காலு வராது போலிருக்கு."

அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆறுதலுக்கு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவர் தலையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மழை விட்டதும் அக்காவும் அவர் புருஷனும் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். "கட்டில முன்னறைக்கு மாத்திருங்க அண்ணே" என்று என் கணவர் கேட்டார். மாற்றினோம். பாத்தி மறுபடி போடவே இல்லை.

அடுத்த வருடம் வலது கால் ஓரளவு வந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு, கைத்தடியோடு ஒரு சாமான் கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். லாரி ஏறவே இல்லை. பின்பக்கம் முழுக்க லாலான் புல் வளர்ந்து இடுப்புயரத்துக்கு நின்றது. அதை வெட்டக்கூட எனக்குக் கை வரவில்லை.