முகத்துவாரத்து உளை

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பனிக்காலம் முழுக்க அரசலாற்று முகத்துவாரத்தில் மேய்ந்த உள்ளான் பறவைகள் வடக்கே திரும்பும் சமயம் அது. சாம்பல் நிறத்தில் இருந்தவை, கிளம்புமுன் வயிறெல்லாம் செங்கல் நிறமாக மாறும். சில நாட்கள்தான் அப்படிப் பார்க்கக் கிடைக்கும்.

தனியாகப் போகக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணக்கு டீச்சரைத் துணைக்கு வரச்சொன்னேன். கோட்டுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். பறவைகளில் அவருக்கு எந்த ஆசையும் கிடையாது.

நீர் வடிந்த சேற்றுத்திட்டில் உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. இரவல் பைனாகுலரோடு கரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர், "நான் அந்தப் பக்கம் காலை நனைச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டது கேட்டது. "ஒரு நிமிஷம்" என்றேன், திரும்பாமல். மறுபடியும் கூப்பிட்டார். கையை மட்டும் ஆட்டினேன். மூன்றாவது முறை என் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அப்போதுதான் திரும்பினேன்.

முப்பது அடி தள்ளி, தொடைவரை சேற்றுக்குள் நின்றிருந்தார்.

"கால் வரமாட்டேங்குது."

ஓடினேன். நாலாவது அடியில் எனக்கும் முழங்கால்வரை இறங்கிவிட்டது. பின்பக்கமாக விழுந்து, உருண்டு, எப்படியோ கெட்டித் தரைக்கு வந்தேன். கடல் பக்கத்திலிருந்து மெல்லிய தகடு மாதிரி தண்ணீர் சேற்றின்மேல் பரவி வந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஏறுதா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இப்பதான் அந்தக் கிளிஞ்சல் தெரிஞ்சுது. இப்ப தெரியல." பிறகு குரல் இறங்கிவிட்டது. "பெரியவனுக்கு நாளைக்குப் பரீட்சை."

கரையோரமாக ஓடினேன். கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வளைவுக்கு அப்பால் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். இறால் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருந்தாள். என்னைப் பார்த்ததும், நான் எதுவும் சொல்லுமுன்பே பறியைப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டாள். படகு கட்டியிருந்த சவுக்குக் கழியைப் பிடுங்கிக்கொண்டு என்னோடு வந்தாள்.

"நீங்க இங்கயே நில்லுங்க. நீங்களும் எறங்குனா ரெண்டு பேர இழுக்கணும்."

சேற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், கழியை டீச்சருக்குக் குறுக்கே போட்டாள்.

"கால இழுக்காதீங்க. மல்லாக்க சாயுங்க. இது உளை. இழுக்க இழுக்கத்தான் புடிக்கும்."

ஈரப்புடவை காலைச் சுற்றி இறுக்கியிருந்தது. அவிழ்க்கச் சொன்னாள். அந்த நிலையிலும் டீச்சர் தயங்கினார். அவளே கையை நீட்டி உருவி எறிந்தாள். டீச்சர் மல்லாந்து சாய்ந்தபோது தண்ணீர் காதைத் தொட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. எதுவும் நினைவுக்கு வரவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு கால் உறிஞ்சும் சத்தத்தோடு வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. முழங்கைகளை ஊன்றி இருவரும் ஊர்ந்து வந்தார்கள்.

"மேல காஞ்சாப்பல தெரியும் டீச்சரம்மா. எங்க மாட்டையே இதுல பறிகுடுத்துருக்கோம்" என்றாள் அந்தப் பெண். பறியைத் தேடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

அவரை வீட்டில் விடக் கூடவே போனேன். அலசிப் பிழிந்த புடவையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது டீச்சர் கேட்டார்: "மூணு தடவ கூப்பிட்டேன். காதுல விழலையா?"

காற்று அதிகம் என்று சொல்லியிருக்கலாம். "விழுந்துச்சு" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோட்டுச்சேரி வரை பேசவில்லை. பிறகு பத்துப் பதினைந்து நாள் பள்ளியிலும் பேசவில்லை. ஆனால் நடந்ததைப் பற்றி யாரிடமும் என்மேல் குறை சொல்லவும் இல்லை.

ஒருநாள் விடைத்தாள் கட்டோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாலைந்து தாள் திருத்திய பிறகு, தலை நிமிராமலே, "கனவுல இன்னும் கால் வரமாட்டேங்குது" என்றார்.

"எனக்கும் வருது டீச்சர், அந்தக் கனவு" என்றேன்.